லயத்துக்கு ஒரு பாஸ்வேர்ட்

“புதன், காலை. நான் எடுக்காத படங்கள் என் போனில் இருக்கின்றன.” அன்றைய என் குறிப்பு இவ்வளவுதான். ஒன்றில் ஆடு. ஒன்றில் கோயில் திருவிழா. கடைசிப் படம் திங்களன்று எடுத்ததாகப் போன் காட்டியது. திங்களன்று நான் காய்ச்சலில் படுத்திருந்தேன்.

அந்தக் கடைசிப் படம் ஓர் ஆஸ்பத்திரி ரிப்போர்ட். மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் தங்கச்சியின் பெயர். மார்பில் கட்டி என்பது வரை விளங்கியது. அதற்குமேல் வாசிக்காமல் மூடிவிட்டேன். ஆடும் அவளுடையதுதான்.

பறித்த கொழுந்தை நிறுத்துவிட்டு வந்தவளிடம் காட்டினேன்.

“அண்ணே, இது எப்படிங்க உங்க போன்ல? நான் யாருக்குமே அனுப்பலையே!”

“மகளுக்கு?”

“ஐயையோ! கண்டியில பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கா. தெரிஞ்சா அப்படியே விட்டுட்டு பஸ் ஏறிருவா. முடியட்டும்னுதான் பொத்தி வச்சிருக்கேன்.”

இருவரும் டவுனுக்குப் போனோம். தீபாவளிக்கு எங்கள் லயத்தார் கூட்டமாகப் போய் ஒரே மாதிரிப் போன்கள் வாங்கிய கடை அது.

“போன வாரம் போன் நிறைஞ்சிருச்சுன்னு வந்தீங்கல்லக்கா, அதான் எடுக்குற படமெல்லாம் தானாவே கிளவுட்ல ஏறுற மாதிரிப் போட்டுவிட்டேன்” என்றார் கடைக்காரர்.

“அது ஏன்பா என் போன்ல இறங்குது?”

“ஒரே கணக்குதானேண்ணே. ஆளுக்கொரு பாஸ்வேர்ட் குடுத்தா மறந்துட்டு எங்கிட்டத்தான் வர்றாங்க. அதான் லயத்துக்கு ஒண்ணு போட்டேன். எல்லாருக்கும் பொதுவான தண்ணிப் பீலி மாதிரி.”

“பீலியில யாரும் ரிப்போர்ட்டக் கழுவுறதில்ல” என்றாள் தங்கச்சி.

கிளவுட் என்பது தூர தேசத்துக் கட்டிடங்களில் இருக்கும் கணினிகள் என்று நான் பத்திரிகையில் வாசித்திருக்கிறேன். அவ்வளவு தூரம் போன படம் அடுத்த காம்பராவுக்கு ஏன் திரும்பி வந்தது என்பது எனக்கு இன்னமும் சரியாகப் பிடிபடவில்லை.

படத்தை அழித்தார். எல்லாப் போன்களிலும் அழிந்துவிடும் என்றார். அங்கேயே வாங்கிய மகளின் போனும் அந்தக் கணக்கில்தானா என்று கேட்டோம். இணைந்திருந்த போன்களின் பட்டியலைத் திறந்து காட்டினார். எல்லாவற்றுக்கும் ஒரே மொடல் பெயர்.

“தீபாவளிக் கூட்டத்துல யாருக்கு எதப் போட்டேன்னு ஞாபகம் இல்லக்கா.”

அன்று மாலை மகள் தங்கச்சியோடு போனில் பேசினாள். பரீட்சையைப் பற்றி ஏதோ சொன்னாளாம். பிறகு, “கொழுந்து பறிக்க மலைக்குப் போகாம ரெண்டு நாள் ரெஸ்ட் எடும்மா” என்றாளாம்.

“எதுக்குங்கண்ணே அப்படிச் சொன்னா?”

மகள் அந்தப் படத்தைப் பார்த்தாளா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.