சத்தமில்லாத பெட்டி

போன வாரம் என் மேசைக் கணினி படுத்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் ஒரு தடவை முனகும், அப்புறம் அமைதி. அதற்கும் வயதாகிவிட்டது. பையில் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் மாசாயிலிருந்து உலு திராமுக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். அங்கே அன்வர் பாய் என்று ஒருவர் கணினிக் கடை வைத்திருக்கிறார். என் வயதுக்காரர். யார் வந்தாலும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார், கடைக்குள் படுத்திருக்கும் பூனையைக்கூட.

“புதுசா சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்னு போதும் பாய். கார்டு டிசைன் வேலதான். ஆனா சத்தம் வரக் கூடாது.”

சொன்ன பிறகுதான் யோசித்தேன். ஏன் வரக் கூடாது? வீட்டில் இருப்பது நான் ஒருவன். வாய் பழைய பழக்கத்தில் சொல்லிவிட்டது.

அன்வர் பாய்க்கு யாராவது கேள்வி கேட்டால் போதும், கடையையே மறந்துவிடுவார். தண்ணீர் ஓடிக் குளிரவைக்கிற சாதனம் இருக்கிறதாம், ஆனால் அதன் பம்ப்பே கொஞ்சம் முனகுமாம். பெரிய விசிறியாகப் போட்டு மெதுவாகச் சுற்ற விடலாமாம். இல்லையென்றால் விசிறியே இல்லாமல், பெட்டி முழுவதையும் கனத்த அலுமினியத்தில் செய்து அதன் உடம்பிலேயே சூட்டை இறக்கி விடலாமாம். பேசிக்கொண்டே, சூடு இறங்குவதற்காகக் கணினிச் சில்லுக்கு மேல் தடவுகிற பசையைப் பிதுக்கினார். அதில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் போல ஒரு லேசான வாடை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் அவர் கடையில் இல்லை. என் வீட்டுக் கூடத்தில், தரையில் சம்மணமிட்டு, ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தேன்.

தேவி அப்போது என்னோடு இருந்தாள். என் மனைவி. பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர இரவு வேலை. பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்ன மின்னணுச் சில்லுகளை வைத்து, கீறல் இருக்கிறதா, கால் உடைந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. காலையில் ஏழரைக்குக் கம்பெனி பஸ் அவளைக் கீழே இறக்கிவிடும். மூன்றாவது மாடி ஏறி வந்து, குளித்து, ஒரு கோப்பை மைலோ குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். அவள் படுக்கிற நேரத்தில்தான் என் வேலை தொடங்கும். கூடத்தில் கணினியை வைத்துக் கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் வடிவமைப்பேன். கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தக் கணினியில் இருந்தது உள்ளங்கை அளவு விசிறி. வெயில் ஏற ஏற அதுவும் சூடாகி, பதினோரு மணிக்கெல்லாம் முடியுலர்த்தி மாதிரி கத்தும்.

தேவி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானேதான் கண்டுபிடித்தேன். வேலையிடத்தில் அவள் இரண்டு தடவை பழுதான சில்லுகளை நல்லது என்று அனுப்பிவிட்டாள். சூப்பர்வைசர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். இன்னொரு தடவை நடந்தால் வேறு பிரிவு, குறைந்த சம்பளம். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தூக்கம் போதவில்லை, அதற்குக் காரணம் இந்த விசிறிதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கேட்டிருக்கலாம். கேட்டால் நான் எப்படிப் புத்திசாலி ஆவேன்?

சத்தத்தைக் குறைக்க ஒரு மாதம் அதே வேலையாகத் திரிந்தேன். ஜொகூர் பாருவில் ஏறாத கடை இல்லை. முதலில் வாங்கிய கணினிக் குளிரூட்டி, தலையில் பெரிய விசிறி வைத்த கோபுரம் மாதிரி ஒன்று. தையல் டேப்பால் அளந்துதான் வாங்கினேன், ஆனால் டேப்பின் எந்த முனையிலிருந்து அளந்தேனோ, பெட்டியின் மூடி மூடவில்லை. நான்கு நாள் திறந்தபடியே ஓட்டினேன். ஐந்தாம் நாள் ஒரு பல்லி உள்ளே போய், பாவம், அதன் கதை முடிந்தது. அப்புறம் குட்டையான ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பசையை அரிசி அளவு வைத்தால் போதும் என்பார்கள். நான் ரொட்டிக்குக் காயா ஜாம் தடவுவது போலத் தடவிவிட்டு, பாதியை வழித்துப் போட்டேன். அதிர்வு வராமல் ஆணிகளுக்கு ரப்பர் மாட்டினேன். கடைசியில் பொத்தானை அமுக்கியபோது விளக்கு எரிந்ததே தவிர, ஓடுகிறதா என்று காதை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

“தேவி, இங்க வாயேன். கேக்குதா?”

“ஒன்னும் கேக்கலியே.”

“அதான்!”

அவள் சிரித்தாள். “பரவாயில்லலா, பெரிய இஞ்சினியர்தான் நீங்க,” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

அதோடு நிறுத்தவில்லை. அவள் தூங்குகிற நேரத்தில் வீட்டுக்குள் பாதத்தின் முன்பக்கத்தை மட்டும் ஊன்றி நடக்கப் பழகினேன். நாற்காலியின் கால்களுக்குத் துணி சுற்றினேன். விசைப்பலகையைத் தடவித் தடவித் தட்டினேன். எழுந்து வந்ததும், “நல்லா தூங்குனியா?” என்பேன். “ம், நல்லா தூங்குனேங்க,” என்பாள்.

ஆனால் கண் சிவப்பு போகவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. இன்னொன்றையும் கவனித்தேன். அவள் அடிக்கடி கீழே இருக்கிற டோபிக்குப் போனாள். காசு போட்டால் தானே துவைத்து உலர்த்திக் கொடுக்கிற கடைதான். வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் இருந்தது. “போர்வ சரியா காய மாட்டேங்குது,” என்று ஒரு கூடையோடு இறங்குவாள். ஒரே போர்வை. வாரத்தில் நான்கு நாள்.

ஒரு நாள் பதினோரு மணி வாக்கில், ஒரு பத்திரிகையின் மாதிரியைக் காட்டுவதற்காகக் கீழே இறங்கினேன். டோபியைத் தாண்டும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தேவி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்துச் சுவரில் தலையைச் சாய்த்து, லேசாக வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு தூக்கத்தை நான் அவளிடம் வீட்டில் பார்த்ததே இல்லை. எதிரே உலர்த்தும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எங்கள் போர்வை, என்றைக்கோ காய்ந்துபோனது, சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளினேன். துணி மடித்துக்கொண்டிருந்த மலாய் அம்மா ஒருவர் உதட்டில் விரலை வைத்தார்.

“டியா தீடோர்,” என்றார். தூங்குகிறாள் என்று எனக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

நான் எழுப்பாமல் மேலே வந்துவிட்டேன். ஒரு மணிக்கு அவள் வந்தாள்.

“நல்லா தூங்குனியா?”

“ம், நல்லா…”

“டோபியிலயா?”

கூடையைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

“வீட்டுல சத்தமே இல்லங்க. முன்ன அந்தப் பொட்டி ஒரே மாதிரி கத்திக்கிட்டு இருக்கும், வேற ஒன்னும் கேக்காது, கொஞ்சமாச்சும் தூங்கிருவேன். இப்ப ஒவ்வொரு மோட்டாரும் தனித்தனியா கேக்குது. ரொட்டிக்காரன், பக்கத்து வீட்டுக் குக்கரு, எல்லாம்.”

அவள் பிறந்தது ரெங்கத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில். தொழிலாளர் லயத்துக்குப் பின்னாலேயே இரவு பகலாக ஓடுகிற செம்பனை எண்ணெய் ஆலை. ஆலை நிற்கிற நாளில் பிள்ளைகள் எல்லாம் தூங்காமல் அழும் என்று கல்யாணமான புதிதில் அவளே சொல்லியிருக்கிறாள். நான் சிரித்துவிட்டு மறந்துபோயிருந்தேன்.

“ஏன் சொல்லல?”

“ஒரு மாசம் அலஞ்சி ஆசயா மாட்டுனீங்க. எப்புடிச் சொல்றது?”

பழைய விசிறி தூரத்தில் இல்லை. அலமாரியின் மேல், சீனப் பலகாரமான மூன்கேக் வந்த ஒரு டின்னுக்குள் இருந்தது. திரும்ப மாட்டுவது ஐந்து நிமிட வேலை. எனக்கு என்ன வந்ததோ, வீம்பு என்பதைத் தவிர வேறு பெயர் தெரியவில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னேன்:

“அப்ப அங்கயே போய்த் தூங்கு.”

அவளும் குரலை உயர்த்தவில்லை. “சரிங்க,” என்றாள். அங்கேயே போய்த் தூங்கினாள், தினமும். நான் மேலே சத்தமில்லாத கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்னவோ. அந்த வருடக் கடைசியில் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது அவளுக்கு. ஆறு பேர் தங்குகிற அறை, வெளியே பெரிய சாலை. “இங்க நல்லா தூக்கம் வருதுங்க,” என்று போனில் சொன்னாள். அது உண்மை என்று குரலிலேயே தெரிந்தது. வாரம் ஒரு தடவை வந்தாள். பிறகு தீபாவளிக்கு வந்தாள். கடைசியாக ஒரு தடவை வக்கீல் அலுவலகத்துக்கு வந்தாள். பிள்ளைகள் இல்லாததால் அதிகப் பேச்சு இல்லை. நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து, பாதியில் நின்றிருந்த ஒரு காதணி விழாப் பத்திரிகையை முடித்தேன்.

அன்வர் பாய் கடைக்கு அந்த மூன்கேக் டின்னையும் எடுத்துப் போயிருந்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பழைய விசிறியைக் கொடுத்தேன். அவர் ஒயரைத் தொட்டு மின்சாரம் கொடுத்தார். கொஞ்சம் திக்கியது, பிறகு அதே சத்தத்தோடு கத்தத் தொடங்கியது. கேட்டால் ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு விசிறி கத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பூனை எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுத்தது.

“நிறுத்திரவா பாஸ்?”

“நிறுத்திருங்க.”

விசிறியே இல்லாத பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். வரும்போது பார்த்தேன், கீழே டோபி இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். கம்பெனி பஸ்ஸும் எங்கள் வாசல் வரை வருவதில்லை. புதுக் கணினியைக் கூடத்தில் வைத்து ஓடவிட்டேன். அதில் சுற்றுகிற பொருளே கிடையாது, சத்தம் எங்கிருந்து வரும்?

மறுநாள் காலை, எட்டு மணி இருக்கும், தேவி படுக்கிற பக்கத்தில் போய்ப் படுத்துக் கண்ணை மூடினேன். ஏன் இத்தனை வருடமாகச் செய்யவில்லை என்று தெரியவில்லை. மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகப் போயின. ரொட்டிக்காரனின் ஹார்ன். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. மேல் மாடியில் யாரோ வாளியை இழுத்தார்கள். அவள் சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது. இவ்வளவு கேட்கிற காதுக்கு, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நான் நுனிக்காலில் நடந்ததும் கேட்டுத்தான் இருக்கும். ஒவ்வொரு அடியும் கேட்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குகிறவளைப் போலப் படுத்திருந்திருக்கிறாள்.

ஒரு மணி நேரம் கிடந்தேன். தூக்கம் வரவில்லை. எல்லாச் சத்தமும் கேட்டது. கூடத்தில் எனக்காக ஒருவர் அடியைப் பார்த்துப் பார்த்து வைத்து நடக்கிற சத்தம் மட்டும் இல்லை.