கர்ப்பப்பை என்று சொன்னேன்

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் அந்த அரிப்பு தொடங்கியது, சிறுநீர் போகும் இடத்தை ஒட்டி. சேலையை விரித்துக் காட்டிக்கொண்டே பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வேன். மருந்துக்கடையில் படர்தாமரைக்கு என்று சொல்லிக் களிம்பு வாங்கினேன். நான் போன டாக்டர்கள் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை என்றதும் பரிசோதிக்காமலே மாத்திரை எழுதினார்கள். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

ரத்தம் கசிந்த பிறகு, புதிதாக வந்திருந்த லேடி டாக்டரிடம் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து திரையை இழுத்துவிட்டார்.

"பாக்காம மருந்து குடுக்க மாட்டேன்மா. கட்டில்ல ஏறிப் படுங்க."

மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: பிறப்புறுப்பின் வெளி உதட்டில் புற்றுநோய், அபூர்வமாக வருவது, இப்போதே அறுவைசிகிச்சை செய்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த இடத்தின் பெயரை ஒருவர் அவ்வளவு இயல்பாகச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

குற்றாலத்தில் தங்கை சீசனுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறாள். அவள் அடுப்படியில் நின்று, கட்டி என்றேன்.

"எங்கனக்கா?"

"கர்ப்பப்பையில."

"இனிமே அது ஒனக்கு எதுக்கு? எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சீசனை விட்டுவிட்டு வர வேண்டாம் என்று அவளைத் தடுத்துவிட்டேன். திருவனந்தபுரத்தில் அறுவைசிகிச்சை நடந்தது. தொடையிடுக்கில் இருந்த நெறிகட்டிகளையும் எடுத்தார்கள். அவற்றில் நோய் பரவியிருக்கவில்லை. கூலிக்கு அமர்த்திய ஒரு சேச்சிதான் என்னைக் கழுவித் துடைத்துவிட்டார். கூச்சத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன்.

ஊருக்குத் திரும்பியதும் கர்ப்பப்பை எடுத்த சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். இடுப்புவலிக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். நெறிகட்டிகளை எடுத்ததில் என் வலது கால் வீங்கியிருந்தது; அது ஏன் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனியாகத் திருவனந்தபுரம் போய்ப் பரிசோதித்துக்கொள்கிறேன். போன முறை, எங்கும் திரும்ப வரவில்லை என்றார்கள். வெளியே வந்து போனை எடுத்தேன். தங்கையைப் பொறுத்தவரை என் நோய் எப்போதோ முடிந்துபோனது. போனைப் பைக்குள் போட்டேன்.

திரும்பும் வழியில், எல்லை தாண்டிப் புளியறையில் பஸ் டீக்கு நின்றது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு, புற்றுநோய் இருந்தது, இப்போது இல்லையாம் என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றார் அவர்.

எங்கே வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். டிரைவர் ஹாரன் அடித்ததும் இருவரும் ஏறி அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம்.