மொட்டைமாடி வகுப்பின் வருகைத் தாள்

வல்லம் வடகாலில் நான் பயிற்சியாளராக வேலை பார்த்த ஆலையில், புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாளே ஒரு பாடம் நடத்துவேன். வருகைத் தாள் இல்லாத பயிற்சி நடக்காத பயிற்சி என்பது அந்தப் பாடம். பொருள், நேரம், கலந்துகொண்டவர்களின் கையெழுத்து, பயிற்சியாளர் பெயர் ஆகியவற்றை எழுதி, தாளைக் கோப்பில் சேர்க்க வேண்டும். எழுதிவைப்பது தொழிலாளிக்குப் பாதுகாப்பு என்று அப்போது உண்மையாகவே நம்பினேன்.

நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு வராதவளுக்கு அன்று சாப்பாடு கிடையாது. யாருடைய சாமி எது என்று வார்டன் அம்மா கேட்டதில்லை. கும்பிடாமல் இருப்பதை மட்டும் அவர் பொறுத்துக்கொள்ளமாட்டார். தத்துவத்தில் முதுகலை முடித்திருந்த எனக்கு இது அநியாயமாகப் பட்டது. ஞாயிறு மதியம் அவர் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகும் நேரத்தில், மொட்டைமாடியில் காயும் போர்வைகளுக்கு நடுவே ஆறு பெண்களுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினேன்.

ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அலெக்சாந்திரியாவின் கதையைச் சொன்னேன். ரோமப் பேரரசின் மதமாகக் கிறித்தவம் நிலைபெற்ற பிறகு, பழைய கடவுளரை விடாத தத்துவ ஆசிரியர்கள் வேட்டையாடப்பட்டார்கள். சிலர் ஆபத்தான போதனைகளை நம்பகமான மாணவர்களிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அடிபட்டும் ஒளிந்திருந்தவர்களைக் காட்டிக்கொடுக்காதவர்கள் இருந்தார்கள். ஓர் ஆசிரியர் மட்டும் கிறித்தவ ஆயரோடு உடன்பாடு செய்துகொண்டு பள்ளியைக் காப்பாற்றிக்கொண்டார் என்றும், கூட்டாளிகள் அதற்காக அவரைப் பழித்தார்கள் என்றும் படித்திருந்தேன். உலகத்துக்குத் தொடக்கம் கிடையாது என்பது அவர்கள் அடக்கிப் பேச நேர்ந்த கருத்துகளில் ஒன்று.

அதைக் கேட்டு அதிகம் துடித்தவள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து அசெம்பிளி லைனில் நின்றவள். அவளுடைய அண்ணன் ஊரில் ஒரு சிறு ஜெபக் கூடத்தை நடத்திவந்தார். ஒரு புகார் வந்தாலும் வேலையை விட்டு ஊர் திரும்ப வேண்டும், அதற்குப்பின் வெளியே அனுப்பமாட்டோம் என்பது அவர் போட்ட நிபந்தனை. அவளுக்காகவே விதிகளைக் கடுமையாக்கினேன். யாராவது படியேறி வந்தால் போர்வை மடிக்க வேண்டும். நடத்துவது யார் என்பதை எங்கேயும் சொல்லக்கூடாது. ஆறு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

எதையும் எழுதக்கூடாது என்று மட்டும் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கும் என்று தோன்றவேயில்லை.

ஒளித்துவைத்த மின்கெண்டிகளைத் தேடி அறைகளைச் சோதித்த ஒரு திங்கட்கிழமை காலை, அந்தக் கோவில்பட்டிப் பெண்ணின் பெட்டிக்குள் வார்டன் அம்மாவுக்குப் பிளாஸ்டிக் கோப்பு ஒன்று கிடைத்தது. அதில் எங்கள் ஆலையின் பயிற்சிப் படிவங்கள் வாரம் தவறாமல் நிரப்பி அடுக்கியிருந்தன. பொருள்: உலகத்துக்கு ஆரம்பம் இல்லை. நேரம்: 12 முதல் 1 வரை. ஆறு கையெழுத்துகள். பயிற்சியாளர் கட்டம் மட்டும் ஒவ்வொரு தாளிலும் காலி. ஆலையில் நான் கற்பித்ததையும் மாடியில் எனக்குக் கொடுத்த வாக்கையும் அவள் ஒருசேரக் காப்பாற்றியிருந்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் நிறுத்தி, தாள்களை அவளையே உரக்கப் படிக்கச் சொன்னார் வார்டன் அம்மா. ‘கடவுள் இல்லாமல் நல்லவராக இருக்க முடியுமா’ என்ற தலைப்பு வந்தபோது பின்வரிசையில் சிரித்தார்கள். கையெழுத்துப் போட்ட மற்ற ஐந்து பேரும், துணி எடுக்கப் போனோம், அவள்தான் உட்காரச் சொன்னாள் என்றார்கள்.

“யார்டீ சொல்லிக் குட்த்தது?”

“நாந்தான் நடத்துனேன்.”

“நீயா? ஸ்க்ரூ முடுக்கத் தெரியும் உனுக்கு. உலகம் எப்போ ஆரம்பிச்சிதுன்னு உனுக்கு இன்னா தெரியும்?”

கூடத்தில் மறுபடி சிரிப்பு. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வார்டன் அம்மாதான் என்னிடம் திரும்பினார்.

“நீ படிச்ச பொண்ணு, நீ சொல்லும்மா. இது உங்க கம்பெனி ஃபாரம்தானே?”

ஆமாம் என்றேன்.

“இதெல்லாம் இட்டாந்து ரூம்ல வெச்சிகினு, சாமி இல்லன்னு எழுத பர்மிஷன் கீதா?”

பதில் சொல்வதற்கு முன் நான் கணக்கிட்டது இன்றும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. உண்மையைச் சொன்னால் என் வேலை போகும்; பூஜை விதியை எதிர்த்துப் பேச விடுதியில் யாரும் இருக்கமாட்டார்கள்; அவளும் எப்படியும் தப்பப்போவதில்லை. பிழை காண முடியாத வாதம். இல்லை என்றேன்.

“கேட்டுகினியா?” என்று அவளிடம் சொல்லிவிட்டு, அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் செய்தார். இவருக்கும் அவருக்கும் சாமி வேறு. ஆனால் அன்று ஒரே வீட்டுப் பெரியவர்கள்போலப் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் அண்ணன் வந்தார். வாசலில் வைத்தே அவள் கன்னத்தில் அறைந்தார். பெட்டியைத் தூக்க நான் கை நீட்டியபோது, “வேண்டாம்க்கா, எல்லாரும் பாக்காவ” என்று உதடு அசையாமல் சொன்னாள். அந்த நிலையிலும் என்னை மறைப்பதிலேயே அவள் கவனமாக இருந்தாள்.

வகுப்பு அதன்பின் நடக்கவில்லை. பூஜை விதியை எதிர்த்தும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து அவள் எண்ணுக்கு அழைத்தேன். அண்ணன்தான் எடுத்தார். யார் என்று கேட்டார். கம்பெனியிலிருந்து என்றேன். அவர் குரல் மரியாதையானது.

“உபவாச ஜெபத்துல மூணு நாளு வச்சோம் மேடம். பச்சத்தண்ணி மட்டுந்தான். சொல்லிக் குடுத்தது யாருன்னு மட்டும் வாயத் தெறக்க மாட்டேங்கா. அடியும் போட்டாச்சு. கல்லு மாதிரி இருக்கா. உங்களுக்கு யாருன்னு தெரிஞ்சுதா?”

தெரியவில்லை என்றேன்.

“தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். அதுவரைக்கும் நாங்க அவள விடுகதா இல்ல.”

சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.