என்னை வள்ளியூர்க்காரி ஆக்கிய தெரு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஓர் ஆனி மாதத்தில் நடந்தது இது. வள்ளியூரில் பிறந்து வளர்ந்த நான், கல்யாணமாகி, சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஒரு சின்ன ஊருக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. இரண்டு ஊருக்கும் நடுவே இருப்பது ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒன்றுதான். ஆனால் அந்தக் காலத்தில் கணவாய்க்குக் கிழக்கே வெள்ளைக்காரன் ராஜ்யம். மேற்கே திருவிதாங்கூர் மகாராஜாவின் ராஜ்யம்.

கல்யாணம் முடிந்து மாட்டுவண்டியில் வரும்போது கணவாயில் இருந்த சுங்கச் சவுக்கையில் நிறுத்திப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். புகையிலை கடத்துகிறோமோ என்று சந்தேகம். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். "பாண்டியில இருந்தா வாறிய?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. கணவாய்க்குக் கிழக்கே உள்ள சீமைக்கு இங்கே பாண்டி என்று பேர். மறுபடி கண் விழித்தபோது முகத்தில் சாரல் அடித்தது. பனைமரமும் செம்மண்ணும் பார்த்துக்கொண்டே கண்ணை மூடியவளுக்கு, எங்கே பார்த்தாலும் பச்சையும் தண்ணீரும். தூங்கினது ஓர் ஊரில், விழித்தது இன்னோர் ஊரில்.

அந்த மயக்கம் எனக்குச் சீக்கிரம் தெளியவில்லை. காலையில் மலையை மூடியிருக்கும் மேகம் மெல்ல மெல்ல விலகுவதைப் புறவாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிற சத்தம் நாள் முழுவதும் கேட்கும். எங்கள் ஊரில் தண்ணீருக்குச் சத்தமே கிடையாது. கிணற்றுக்குள் கிடக்கும், அவ்வளவுதான். "மக்ளே, பாலை அடுப்பு குடிச்சாச்சு. இனி நாம என்னத்தக் குடிக்க?" என்று மாமியார் உள்ளேயிருந்து கேட்பார். அப்போதுதான் நினைவு வரும்.

இந்தக் கனவுக்குள் இன்னொரு கனவும் இருந்தது. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, நாகர்கோவில் காலேஜில் இன்டர்மீடியட் படிக்க வைப்பேன் என்று சொல்லித்தான் என்னைக் கட்டினார். தினமும் காலையில் வயலுக்கு அப்பால் நாகர்கோவில் பஸ் போகும். நான் கையில் விளக்குமாறோடு அந்தப் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, காலேஜ் வரை போய்விட்டுத் திரும்பி வருவேன். முற்றம் பாதி பெருக்கினபடி கிடக்கும்.

காலேஜில் விசாரித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. திருவிதாங்கூர்ப் பிரஜைகள் கட்ட வேண்டியது ஒரு சம்பளம், வெளியிலிருந்து வருகிறவர்கள் கட்ட வேண்டியது அதைவிட மிக அதிகமான சம்பளம். முதலாவதை வாத்தியார் சம்பாத்தியத்தில் எப்படியோ சமாளிக்கலாம். இரண்டாவதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. பிரஜையின் மனைவி இங்கேயே நிலையாகக் குடியிருக்கிறாள் என்று கிராமத்து வரி அதிகாரியான பார்வத்தியகாரர் அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதிக் கொடுத்தால், அவளையும் பிரஜையாகச் சேர்த்துக்கொள்வார்களாம். அந்த வாரத்துக்குள் அது வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷம் வீட்டில் தொட்டில் கட்டியிருக்கும் என்பது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இப்போது விட்டால் அந்தப் பஸ்ஸை நான் முற்றத்திலிருந்துதான் கடைசிவரை பார்க்க வேண்டியிருக்கும்.

இங்கே எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாழ வந்த பெண்களை அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பிறந்த ஊர்தான் பேர். அடுத்த வீட்டில் இருந்தவர் பணகுடிக்காரி. எதிர்வீட்டில் தோவாளைக்காரி. வந்த சில நாட்களிலேயே நான் வள்ளியூர்க்காரி ஆகிவிட்டேன். வீட்டில் எனக்கு வைத்த அழகான பேரை இங்கே யாருமே கேட்கவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தம்கூட உண்டு.

பார்வத்தியகாரர் ஒரு மத்தியான நேரம் வந்தார். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் போயிருந்தார். குடையை மடக்கிக்கொண்டே அவர் வாய்க்கால் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களிடம், வாத்தியார் வீட்டுப் பெண் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். அவர்களும் ஒரே குரலில், "அது நம்ம வள்ளியூர்க்காரில்லா!" என்றிருக்கிறார்கள். அது போதாதென்று, மாமியார் அவரை வரவேற்று மோர் கொடுத்து, "இங்க உள்ள பிள்ளை இல்ல ஏமானே. வள்ளியூர்ல பெரிய குடும்பம்" என்று பெருமையாகச் சொன்னார். பாவம், மருமகளுக்கு மதிப்புச் சேர்க்கிறதாக அவருக்கு நினைப்பு.

கடைசியாகப் பார்வத்தியகாரர் கதவுக்குப் பின்னால் நின்ற என்னையே கேட்டார். "பிள்ளே, ஒனக்கு எந்த ஊரு?"

நான் அந்த நேரத்தில் பதிலை யோசிக்கவே இல்லை. வாய் தானாக, "வள்ளியூர்" என்றது.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. வாய்க்கால் சத்தம்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. மோரைக் குடித்துவிட்டு, "தெருவும் வள்ளியூருங்குது, மாமியும் வள்ளியூருங்குதா, பிள்ளையும் வள்ளியூருங்குது. நான் எப்பிடி இந்த ஊருன்னு எழுத?" என்று வருத்தமாகச் சொல்லி, குடையை எடுத்தார். நானோ புதுப்பெண், முன்பின் தெரியாத ஆணிடம் எதிர்த்துப் பேசப் பழக்கமில்லை. பேச முடிந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? இது என் ஊர்தானா என்று எனக்கே அதுவரை நிச்சயமில்லை.

அப்போதுதான் பணகுடிக்காரி அக்கா பிழிந்த சேலையைத் தோளில் போட்டபடி வாசலுக்கு வந்தார். சத்தமாகப் பேசுகிறவர், யாருக்கும் பயப்பட மாட்டார். தாங்கள் சொன்ன பதில் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று மாமியார் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலிருக்கிறது.

"ஏமானே, நானும் பணகுடிக்காரிதான். அஞ்சு பிள்ளையளையும் இந்த ஊர்லதான் பெத்தேன். என்னையும் கணவாய்க்கு அங்க கொண்டு விட்டிருவியளா?" என்று கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள், "விருந்துக்கு வந்தவள எவளாவது இப்பிடிக் கூப்பிடுவாளா? அவளுக்கு அவ பேரு இருக்கும். வாழ வந்தவளுக்குத்தானே நாங்க ஊருப்பேரு வைப்போம்! கிறுக்கி, இவளும் போய் வள்ளியூருன்னு சொல்லுதா பாருங்கோ" என்று என்னையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தார்.

பார்வத்தியகாரர் குடையைக் கையில் வைத்தபடியே நின்றார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. மலைப் பக்கம் பார்த்துச் சிரித்தார். "எங்க அம்மைய சாவுற வரைக்கும் களக்காட்டுக்காரின்னுதான் கூப்பிட்டாவ" என்றார். களக்காடும் கணவாய்க்குக் கிழக்கேதான். அப்புறம் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் இன்னொரு செம்பு மோர் குடித்தார் என்பதும், எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார் என்பதும் நினைவிருக்கிறது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எட்டி, மழைக்கு முன்ன கொடியில கெடக்க துணியை எடு" என்று பணகுடிக்காரி அக்கா அதட்டினார்.

அடுத்த வாரம் அந்தப் பஸ்ஸில் உண்மையாகவே ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை; கறிவேப்பிலைக் கட்டுக்கும் ஒரு கோழிக்கூடைக்கும் நடுவில் நின்றுகொண்டே போனேன். வயலுக்கு அப்பால் எங்கள் வீட்டு முற்றம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அங்கே யாரோ நின்று என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

பிறகு நானும் வாத்தியாரானேன். ராஜ்யங்கள் போயின, சவுக்கையும் போயிற்று. பணகுடிக்காரி அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் இன்றைக்கும் கடைக்குப் போகிற வழியில் யாராவது, "ஏ வள்ளியூர்க்காரி" என்று கூப்பிட்டால், நான் இந்த ஊர்க்காரிதான் என்று மறுபடியும் ஒருமுறை யாரோ எழுதிக் கொடுத்ததுபோல எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.