இரண்டு நீலமும் ஒரே மீனும்

இன்று காலையிலிருந்து இரண்டு நீலத் துணிகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. ஒன்று, துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய சாம்பிள்; மற்றது, எங்கள் பட்டறையில் சாயம் போட்டது. எனக்கு இரண்டும் ஒன்றுதான். பையர் மட்டும், "ஷேடு வேறு" என்று எங்கள் துணியைத் திருப்பிவிட்டார். மறுபடியும் சாயம் போட வேண்டும்.

சலிப்பில் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தேன். விடுமுறையில் அந்தமானில் டைவிங் போனபோது எடுத்த மீன் படங்களை நேற்று இணையத்தில் மீன் ஆர்வலர்களின் ஃபோரம் ஒன்றில் போட்டிருந்தேன். ஒன்று, வெள்ளை வளையம் போட்ட கருநீலம். இன்னொன்று, உடம்பெல்லாம் மஞ்சள் கோடு. "இரண்டு வகை ஏஞ்சல் மீன்கள்" என்று பெருமையாக எழுதியிருந்தேன்.

ஒருவர் பதில் போட்டிருந்தார்: "இரண்டும் ஒரே வகை. முதலாவது குஞ்சு, அடுத்தது வளர்ந்தது."

பின்னால் நின்று பார்த்த, சாயம் போடும் டையிங் மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். பெருமூச்சு விட்டார்.

"ஏனுங்க, இந்தாளு நம்ம பையரா வந்திருக்கக் கூடாதுங்களா?"

அப்படியொரு பையர் தெரிந்தால் சொல்லுங்கள். துணி தயாராக இருக்கிறது.