காலிதீன் காக்காவின் ஹோன்

சாய்ந்தமருது கடற்கரை ஒழுங்கைக்குள் திரும்பியதும் காலிதீன் காக்கா மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, கழுத்தை ஆமைபோல முன்னால் நீட்டுவார். துணி ஹேங்கர் கம்பியை வளைத்துக் கழுத்தில் மாட்டி, அதில் மவுத் ஓர்கனைச் செருகியிருப்பார். இரண்டு கைகளும் ஹேண்டிலில். பின்னால் வெள்ளை றெஜிபோம் மீன்பெட்டிக்குள் ஐஸ், சூரை, கொஞ்சம் கீரிமீன். உதடு பட்டதும் எழும் ஓசை மெல்ல இறங்கி, நடுவில் நெளிந்து, அழப்போய் அழாமல் நின்றுவிடும்.

அதற்கு ப்ளூஸ் என்று பெயர். ஒழுங்கையில் யாருக்கும் அது தெரியாது. முதலில் பூனைகள் வரும், பிறகு சட்டியோடு பெண்கள்.

"காக்காட ஹோனுக்கு வருத்தம் போல. நல்லா இழுக்குது" என்பார் முன்வீட்டுச் சுபைறா ராத்தா.

"அது அப்பிடித்தான் ராத்தா. சூரை வெட்டிறதா, முழுசாவா?"

இவ்வளவு ஒழுங்காக ஆள் கூடும் கலைஞர்கள் உலகத்தில் குறைவு. வந்தவர்களில் ஒருவர்கூட இசை கேட்க வராத கலைஞர் இவர் ஒருவர்தான்.

குவைத்தில் ஒரு முகாமின் சமையலறையில் பாத்திரம் கழுவிய காலத்தில், அங்கே லொறி ஓட்டிய கறுப்பின அமெரிக்கர் ஒருவர் பழக்கிவிட்டது இது. "நேராப் போற சத்தத்தக் கொஞ்சம் நெளிச்சி விடு எண்டான் மனிசன். அப்பதான் உள்ளுக்க ஒரு ஆள் இரிக்கிற மாதிரிக் கேக்கும்." அங்கே கைதட்டினார்களாம். இங்கே விலை கேட்கிறார்கள். "மீனுக்கில்லாம, சும்மா கேக்க ஒரு ஆள் வந்தாப் போதும்" என்று மீன் வாங்கப்போன என்னிடம் சொல்லிவிட்டு, உடனே செவுளைத் தூக்கிக் காட்டி மீன் புதிது என்று நிரூபித்தார்.

போன மாதம் மகள் இன்ஷிராவுக்குக் கலியாணம். எங்கள் வழக்கப்படி வீடு மகளுக்கு. மாப்பிள்ளை அங்கே குடிவருவார், பெற்றவர்கள் பின்னறைக்குப் போவார்கள். புது மருமகன் ஒன்று சொல்லி மாமன் மறுத்ததாக இந்தக் கரையில் சரித்திரம் இல்லை. மருமகன் அர்ஷாத் தங்கமான பிள்ளை. சிக்கலே அதுதான், கெட்டவராக இருந்தால் சண்டையாவது பிடிக்கலாம். மாமா ஊதி ஊதி இளைக்கிறாரே என்று மின்சார ஹோன் ஒன்றை வாங்கிவந்து, தன் கையாலேயே மோட்டார் சைக்கிளில் பூட்டிக் கொடுத்தார்.

"இனி ஊதத் தேவல்ல மாமா. இத அமத்தினாச் சரி."

"ஓம் மகன்" என்றார் காக்கா. அன்றே கழுத்துக் கம்பி கழன்றது.

ஹோன் அலறியது. பேக்கரிப் பாண்காரர் என்று நினைத்துச் சிலர் வந்து திரும்பினார்கள். பலர் வரவேயில்லை. மிஞ்சிய சூரை வீட்டுக்குப் போனது: காலையில் ஆணம், பகலில் பொரியல், இரவில் மறுபடி ஆணம். மருமகன் மரியாதையோடு தின்றார். ஒருநாள் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே கேட்டாராம்:

"ஹோன் பூட்டினதாலயா மாமா இவ்வளவு மிஞ்சிது?"

"சே, கடல்ல இப்ப மீன் கூட, மகன்."

நேற்றும் ஹோனை அமத்திக்கொண்டுதான் வந்தார். சுபைறா ராத்தா படலையைத் திறந்து நடுவழியில் மறித்தார். கையில் சட்டி இல்லை.

"மீன் வேணாம் காக்கா. அத ஒருக்கா ஊதுங்க."

"எத?"

"எத எண்டு கேக்கிறீங்க. ஒழுங்கை செத்துக் கிடக்கு."

"மருமகன்ட காதில விழுந்தா மனம் நோகும், ராத்தா."

"நான் கேட்டன் எண்டு சொல்லுங்க."

காலிதீன் காக்கா தன் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிளின் எஞ்சினை நிறுத்தி, திறப்புச் சாவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டு, அங்கேயே கிடந்த மவுத் ஓர்கனை எடுத்தார்.