வெள்ளைச்சாமி காட்டிய ஊற்றுப் பள்ளம்

திருவரங்குளத்துக்குக் கிழக்கே அந்த ஐயனார் காட்டில் ஒரு சுள்ளி ஒடித்தாலும் ஊர் சும்மா விடாது. வெளியாளை உள்ளே கூட்டிப்போக வேண்டுமென்றால், ஊர்க்காரன் ஒருவன் ஐயனார் முன்னே எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து, "இவுக எம் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். 1957 கோடை விடுமுறையில் ஆத்மநாதன் வாத்தியாருக்காக அப்படி அணைத்தவர் வெள்ளைச்சாமி.

இருவரும் ஐந்தாம் வகுப்புவரை ஒன்றாகப் படித்தவர்கள். பிறகு இவர் மாடு மேய்க்கப் போனார், அவர் மேலே படிக்கப் போனார். மாணவர்கள் பன்னிரண்டு பேரோடு மூன்று நாள் காட்டில் நடக்க வந்த ஆத்மநாதன், "எலே வெள்ளை, இங்க நீதான்டா வாத்தியார். நான் மணி அடிக்கிறவன்" என்றதும் வெள்ளைச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. குளம்படி காட்டினார், எச்சம் காட்டினார், கடைசியில் யாருக்கும் காட்டாத ஊற்றுப் பள்ளத்தையும் காட்டிவிட்டார். அங்கே நின்று நாக்கைச் சொடுக்கினார். காது மடங்கிய புள்ளிமான் ஒன்று புதரை விலக்கி வந்து, அவர் கையிலிருந்த வீரம்பழத்தைத் தின்றது.

"தெனமும் இங்கதான் வருமாடா?" என்று ஆத்மநாதன் கேட்டார்.

"பொழுது சாயிறதுக்கு முந்தி வந்துரும். வேற எங்கிட்டும் போகாது."

ஆவணியில் மானைக் காணோம். கற்பூரம் அணைத்தவனைக் கேளுங்கள் என்று ஊர் முணுமுணுத்தது. வெள்ளைச்சாமி காட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்.

காலாண்டு விடுமுறையில் ஆத்மநாதன் மாணவர்களோடு மறுபடி வந்தார். வடக்கே ஒரு பண்ணையில் மான் வளர்க்கிறார்களாம், நடந்தே போய்ப் பார்த்து வரலாம் என்றார். வெள்ளைச்சாமியே வழிகாட்டினார்.

கம்பி வேலிக்குள் ஏழெட்டு மான்கள். ஆட்களைக் கண்டதும் மூலைக்கு ஓடின.

"அண்ணே, நாக்கச் சொடுக்குங்க, பாப்பம்" என்று மாணவன் ஒருவன் சிரித்தான்.

சொடுக்கினார். காது மடங்கிய மான் நேரே வந்து கம்பியில் மூக்கை வைத்தது.

வெள்ளைச்சாமி ஆத்மநாதனைப் பார்த்தார். "நீயாடா?"

"கத்தாத. பண்ணைக்காரர்தான் எங்க பள்ளிக்கூடக் கமிட்டிக்குத் தலைவர். காட்டு மான் ஒண்ணு வேணும்னாரு, எடத்தச் சொன்னேன். எனக்கு எட்மாஸ்டர் வேலை கெடைக்க வேணாமா? நீயே பாக்கட்டும்னுதான் கூட்டியாந்தேன். நாய் நரி பயமில்ல, வேளைக்குத் தீனி. நல்லாத்தான இருக்கு?"

"எம் பொறுப்புன்னு சொன்னேனேடா."

"ஒரு கல்லுக்கிட்டச் சொன்ன. விடுடா."

மாணவர்களை நட்டாற்றில் விட வெள்ளைச்சாமிக்கு மனம் வரவில்லை. முன்னால் நடந்து, பஸ் நிற்கும் ரோட்டில் கொண்டுபோய் விட்டார்.

மறுநாள் ஊர்க்கூட்டத்தில், யாரும் கேட்குமுன் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். கூட்டம் சிரித்தது.

"வாத்தியாரு மான் புடிச்சாராம்ல! நாலெழுத்துப் படிச்ச மனுசன் மேல பழியப் போடாதப்பா" என்றார் ஊர்ப் பெரியவர் பெரியண்ணன். "பழத்தக் குடுத்துப் பழக்குனவன் நீ. வேற யாரு கைக்கு அது வரும்?"

படித்தவன் பொய் சொல்லமாட்டான் என்று இதே கூட்டத்தில் எத்தனையோ முறை சொன்னவர்தான் வெள்ளைச்சாமி. அந்த வருச ஐயனார் திருவிழாப் புரவி எடுப்பில் மண்குதிரை சுமக்க அவர் தோள் வேண்டாம் என்று முடிவாயிற்று.

வீட்டில் மனைவி பொன்னுத்தாய் சோற்றைப் போட்டுவிட்டுக் கரண்டியோடு நின்றாள்.

"மெய்யாலுமே வாத்தியாருதானா?"

"எடத்தக் காட்டுனது நான்தான்."

"அப்ப ஊரு சொல்றது சரிதான?" என்றாள் அவள்.